கலிஃபோர்னியாவில் ஏ.எஸ்.டபிள்யூ. (முழு லைசென்ஸுக்கு முன், மேற்பார்வையில் வேலை செய்யும் சோஷியல் வொர்க்கர்) பதிவு கிடைத்துவிட்டது. என் மேனேஜரே கிளினிக்கல் சூப்பர்வைசராகவும் இருக்கிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் சூப்பர்விஷன் என்று வாராவாரம் அவரோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில் எதைப் பேசுவது, எதைப் பேசக் கூடாது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கவுண்டி ஒப்பந்தத்தில் ஓடும் ஏதோ ஒரு ஏஜென்சியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள், மேனேஜரிடம் முடியாது என்று சொல்லத் தயக்கம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும். லைசென்ஸ் வாங்க மொத்தம் 3,000 மணி நேர வேலை, குறைந்தது 104 வாரம் சூப்பர்விஷன். அந்த 3,000-இல் குறைந்தது 2,000 மணி நேரம் கிளினிக்கல் வேலை, அதற்குள் குறைந்தது 750 மணி நேரம் நேருக்கு நேர் தெரபி. 1,700 மணி நேரமாவது எல்.சி.எஸ்.டபிள்யூ. (முழு லைசென்ஸ் பெற்ற கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்) ஒருவரின் கீழ் இருக்க வேண்டும். சூப்பர்விஷன் என்பது வாரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தனியாக, அல்லது இரண்டு மணி நேரம் குழுவாக. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. நியூயார்க்காரர்கள் வந்து "எங்களுக்கு 2,000 மணி நேரம்தானே" என்பார்கள். ஆமாம், ஆனால் அங்கே குறைந்தது மூன்று வருடம் ஆக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் வேறு. லைசென்ஸ் தரும் வாரியத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னை நம்பி விண்ணப்பம் போடாதீர்கள்.

இனி என் கதை. என் முதல் ஏஜென்சியில் மேனேஜரும் சூப்பர்வைசரும் ஒரே ஆள். தங்கமான மனுஷி, பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவார். ஆனால் எங்கள் சூப்பர்விஷன் தொடங்குவதே அவர் லேப்டாப்பைத் திறப்பதில்தான். யாருடைய நோட்ஸ் பாக்கி, மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பில்லிங் நிமிடங்கள் ஏன் குறைந்தன, எந்த ட்ரீட்மென்ட் பிளான் காலாவதி ஆகிறது. இதிலேயே முக்கால் மணி போய்விடும். கடைசியில் "கேஸ் எதைப் பற்றியாவது பேசணுமா?" என்பார். கதவுக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருப்பது தெரியும்போது யார் என்ன பேசுவார்கள்? அதோடு, எனக்கு வருடாந்தர மதிப்பீடு எழுதப்போகிறவரிடமே போய் "இந்தக் குடும்பத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது?

வெளியாள் ஒருவர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். ஏஜென்சிக்கும் அவருக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. இழுத்தடித்தார்கள், அப்புறம் சரி என்றார்கள். வந்தவர் மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஒரு செஷனில் நடந்த உரையாடலை, நினைவில் இருக்கும்வரை வரிக்கு வரி எழுதி வரச் சொன்னார். பதின்பருவப் பையனும் அம்மாவும் வரும் கேஸ் ஒன்றை எழுதிப் போனேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், அந்தக் கவலை வேண்டாம்). நிதானமாகப் படித்தார். "பையன் கண் கலங்கும் இடத்திலெல்லாம் நீங்கள் அம்மாவிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்கிறீர்கள், கவனித்தீர்களா?" என்றார்.

கவனித்திருக்கவில்லை. நம் வீடுகளில் நாலு பேர் முன்னால் பிள்ளை அழுதால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள், அது மரியாதை. அந்த மரியாதையை நான் தெரபி அறைக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறேன். எத்தனை நோட்ஸ் நேரத்துக்கு முடித்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. அடுத்த செஷனில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் பேசினான். என்ன பேசினான் என்பது இங்கே எழுதக்கூடிய விஷயம் இல்லை.

"மேனேஜரைக் குறை சொல்வது சுலபம்" என்று யாராவது வரத்தான் போகிறீர்கள். தெரியும். பில்லிங் வராவிட்டால் எனக்கே சம்பளம் வராது, அவரையும் மேலே ஒருவர் அதே கேள்வியால் துளைத்துக்கொண்டிருப்பார். மேனேஜராக இருந்துகொண்டே அருமையாக சூப்பர்விஷன் தருகிறவர்களும் உண்டு. பில்லிங்குக்கு வேறு நேரம் ஒதுக்கிவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

வேடிக்கை என்னவென்றால், சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தபோது இதைவிட ஒழுங்காக நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, அறிக்கை எழுதிக்கொண்டு போய் ஆசிரியரிடம் ஐ.சி. (தனிக் கலந்துரையாடல்) உட்கார வேண்டும். சிவப்பு மையில் திட்டு விழும், ஆனால் நம் வேலையைத்தான் பேசுவார்கள். படித்து முடித்த பிறகுதான் ஒன்றுமே கிடையாது. நான் படித்த காலத்தில் நம் ஊரில் சோஷியல் வொர்க்கருக்கு இந்த மாதிரி லைசென்ஸும் இல்லை, அதற்கான சூப்பர்விஷனும் இல்லை. என் வகுப்பில் பலர் ஹெச்.ஆர். பக்கம் போய்விட்டார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். நான் இந்தப் பக்கம் வந்ததற்கு இங்கே பொங்கல் விழாவில் ஒரு மாமா, "சமூக சேவையா? நல்லதும்மா, ஓய்வு நேரத்துல பண்றியா?" என்கிறார். என் கணவர் கோடு எழுதுவதை யாரும் இப்படிக் கேட்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது: சூப்பர்விஷன் தொடங்கி 60 நாளுக்குள் சூப்பர்விஷன் ஒப்பந்தப் படிவத்தில் நீங்களும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மணிக்கணக்கு எழுதும் வாராந்தர லாக்கில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள், நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இந்தத் துறையில் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலை மாறுவார்கள், போன பிறகு கையெழுத்துக்கு அலைவது பெரும்பாடு. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய மணிகள் கழிந்துவிடும் என்பதால் "மெதுவாகப் பார்க்கலாம்" என்றும் விடாதீர்கள். அப்புறம், எங்காவது 1099-இல் (ஊழியராகச் சேர்க்காமல்) ஒப்பந்த வேலை தருகிறோம், மணிக்கு அதிகம் கிடைக்கும் என்று ஆசை காட்டினால் போகாதீர்கள். டபிள்யூ-2 (சம்பளப் பட்டியலில் உள்ள) ஊழியராகவோ தன்னார்வலராகவோ செய்த மணிகளைத்தான் வாரியம் ஏற்கும்.