உண்ணிக் காய்ச்சல் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். பிசானப் பயிர் நேரத்தில் வரப்பில் புல் அறுத்து வந்த ஆச்சிக்கு, பத்து நாளில் கடும் காய்ச்சல். இடுப்பில் இருந்த கறுத்த பொருக்கைப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள், இப்போது நலம். உலக சுகாதார நிறுவனத்தின் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் டெங்கு இருக்கிறது, இது இல்லை. அப்படியென்றால் ஆபத்து குறைவா? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: ஆச்சி தேறி வந்ததில் மகிழ்ச்சி. உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்) புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது; கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு வரும். சேலை கட்டுமிடத்தில் அதைத் தேடிப் பார்த்தாரே, அந்த மருத்துவரைப் பாராட்டத்தான் வேண்டும். அது வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளியே கவனித்திருக்க மாட்டார்.

பட்டியலில் இல்லாததால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மலேரியாவும் காசநோயும்கூட அதில் கிடையாது. அவற்றுக்குத் தனித் திட்டங்களும் பெரிய நிதியும் இருக்கின்றன. ஒரு நோயைச் சேர்க்க நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: ஏழைகளையே அதிகம் வாட்டுகிறதா, வெப்பமண்டலப் பகுதிகளில்தான் பெரும்பாலும் இருக்கிறதா, கையில் இருக்கும் வழிகளைக் கொண்டே கட்டுப்படுத்த முடியுமா, ஆராய்ச்சியில் கைவிடப்பட்டிருக்கிறதா. நாடுகள் ஆதாரத்தோடு கேட்க வேண்டும். நிபுணர் குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும். பாம்புக்கடி 2017இல் சேர்ந்தது. சத்துக்குறைவான குழந்தைகளின் வாயையும் கன்னத்தையும் அழுகவைக்கும் நோமா, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆதரவோடு நைஜீரியா கேட்டதால் 2023 டிசம்பரில் சேர்ந்தது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; அதன் கணக்கு வேறு. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணக்கார நாடுகளில் மருந்து விற்கச் சந்தை இல்லாத, ஏழைகளை அதிகம் தாக்கும் தொற்றா என்று பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் மலேரியாவும் காசநோயும் உண்டு. அத்தகைய நோய்க்குப் புது மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு, இன்னொரு மருந்தின் விண்ணப்பத்தை விரைவாகப் பரிசீலிக்கும் சலுகைச்சீட்டு கிடைக்கும்.

உண்ணிக் காய்ச்சல் இதில் எங்கே நிற்கிறது? வயலிலும் புதரிலும் வேலை செய்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. தடுப்பூசி இல்லை. சேர்க்கத் தகுந்த நோய் என்பதே என் கருத்து. ஆனால் பொருக்கைத் தேடாமல், ரத்தப் பரிசோதனை செய்யாமல் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதி அனுப்பிவிட்டால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கு இல்லாமல் எந்த அரசு ஆதாரத்தோடு போய்க் கேட்கும்? எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

சரி, வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருவோம். மழைக்காலத்தில் காய்ச்சல் நான்கைந்து நாள் தாண்டினால் அக்குள், மார்புக்கு அடியில், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டது போன்ற தழும்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் அது வராது என்பதால், இல்லாவிட்டாலும் வயலுக்குப் போனதைச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் வேளையோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள்.