நிக்கல் ரெசினில் ஹிஸ்-டேக் புரதம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்த ஹிஸ்-டேக் புரதம் (முனையில் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் தொடர் கொண்டது) நிக்கல் அயனிகள் பொருத்திய ரெசின் மணிகளில் ஒட்டாமல் வழிந்தோடிய திரவத்திலேயே வந்துவிடுகிறது. ரெசின் கெட்டுவிட்டதா?

பதில்: ரெசினைச் சந்தேகிப்பதற்கு முன் பஃபரின் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலின்) பிஎச் அளவைப் பாருங்கள். ஹிஸ்டிடின் வளையத்திலுள்ள நைட்ரஜன், தன் எலக்ட்ரான் இணையை நிக்கல் அயனிக்குக் கொடுப்பதால்தான் பிணைப்பு உண்டாகிறது. பிஎச் 6-க்குக் கீழே இறங்கினால் அந்த நைட்ரஜன் புரோட்டானை ஏற்றுக்கொண்டு நிக்கலை விட்டுவிடும். பிஎச் 8-க்கு அருகில் இருந்தும் ஒட்டவில்லையென்றால், அந்த டேக், புரதத்தின் மடிப்புக்குள் புதைந்திருக்கக்கூடும். சிறிதளவு மாதிரியை, மடிப்பை அவிழ்க்கும் 8 மோலார் யூரியாவில் கரைத்து மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அப்போது ஒட்டினால், டேக்கைப் புரதத்தின் மறுமுனைக்கு மாற்றி மரபணுவை மறுபடி குளோன் செய்வதே நல்லது.

கேள்வி: நீலப்பச்சையாக இருந்த ரெசின் வெளுத்துவிட்டது. நண்பருடையதோ பழுப்பாகிவிட்டது. ஏன்?

பதில்: வெளுத்ததற்கு, உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம்; அது நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான் மாத்திரைகள் சிலவற்றில் அது கலந்திருப்பதால், வாங்கும்போதே இடிடிஏ இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். பழுப்பு நிறம் பெரும்பாலும் டிடிடி (DTT) என்ற ஒடுக்கும் வேதிப்பொருள் நிக்கலை ஒடுக்கியதன் அடையாளம். இரண்டுக்கும் ஒரே வழிதான்: 100 மில்லிமோலார் இடிடிஏவால் நிக்கலை முழுவதும் நீக்கி, நீரால் நன்கு கழுவி, நிக்கல் சல்ஃபேட் கரைசலை ஏற்றுங்கள்.

கேள்வி: கழுவிய பிறகும், புரதங்களை அளவுப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் 25 கிலோடால்டன் அருகே தேவையற்ற ஒரு பட்டை தெரிகிறதே?

பதில்: அது ஈ. கோலையின் சொந்தப் புரதமான ஸ்லைடியாக (SlyD) இருக்கலாம். அதன் வால்பகுதியில் ஹிஸ்டிடின்கள் செறிந்துள்ளன. கழுவும் பஃபரில், ஹிஸ்டிடினோடு நிக்கலுக்குப் போட்டியிடும் இமிடசோலை 20-இலிருந்து 40 மில்லிமோலார் வரை படிப்படியாக உயர்த்துங்கள். உப்பு 300 மில்லிமோலாருக்குக் குறையக் கூடாது. ஆனால் பலரும் கவனிக்கத் தவறுவது ரெசினின் அளவைத்தான். தேவைக்கு மேல் ரெசின் இருந்தால் காலியான நிக்கல் இடங்களில் அந்நியப் புரதங்கள் வந்து அமர்ந்துகொள்ளும். ரெசினைக் குறைத்தால், வலுவாகப் பிணையும் உங்கள் புரதமே அவற்றைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். கோபால்ட் ரெசின் இன்னும் தேர்ந்து பிடிக்கும், கொள்ளளவு சற்றுக் குறைவு.

கேள்வி: பிரித்தெடுத்த புரதத்தை 280 நானோமீட்டரில் அளந்தால் மதிப்பு நம்ப முடியாத அளவு அதிகமாக வருகிறது.

பதில்: பஃபரிலுள்ள இமிடசோலும் அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். அதே பஃபரை வெற்று மாதிரியாக வைத்து அளவிடுங்கள், அல்லது சாயத்தால் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறைக்கு மாறுங்கள்.