பாதியில் நிற்கும் கேம்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 36, சிங்கப்பூரில் பொங்கோலில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்றரை வயது. அவள் தூங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வீடியோ கேம் ஆடுவேன். 'தி விட்சர் 3' கேமை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். மூன்று முறையும் வெலன் பகுதியோடு நின்றுவிட்டது. வாங்கி வைத்த மற்ற கேம்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. "எதையும் முடிக்க மாட்டீங்க" என்கிறார் மனைவி. எனக்குப் பொறுமையே போய்விட்டதா?

பதில்: தம்பி, ஒரே கேமை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கியவரைப் பொறுமை இல்லாதவர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்சரில் முக்கியக் கதைக்கே சுமார் 50 மணி நேரம் வேண்டும். வாரத்தில் மூன்று இரவு, ஒவ்வொரு மணி நேரம் என்றால் நான்கு மாதம் ஓடிவிடும். நடுவில் பிள்ளைக்குச் சளி, ஆபீசில் ஓவர்டைம், ஊரிலிருந்து விருந்தாளி. இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் விரல்கள் மறந்திருக்கும். எந்த பட்டன் மந்திரம், எது உருண்டு தப்பிக்க என்று தடுமாறுவோம். இரண்டு முறை செத்ததும் "சரி, முதலிலிருந்தே வருவோம்" என்று தோன்றும். தொடக்கத்தில் வரும் வைட் ஆர்ச்சர்ட் கிராமத்து கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தை நீங்கள் இப்படித்தான் மூன்று முறை கொன்றிருப்பீர்கள்.

நான்காவது முறை தொடங்காதீர்கள். கடைசியாக சேவ் செய்து வைத்த ஆட்டத்தைத் திறங்கள். அது லோட் ஆகும்போதே இதுவரை நடந்த கதையை ஒரு குரல் சொல்லும், அதைத் தள்ளிவிடாமல் கேளுங்கள். அன்றைக்குக் கதைப் பக்கமே போக வேண்டாம். சாலையோரத்து ஓநாய்களோடு இருபது நிமிடம் சண்டை போட்டுக் கை பழகினால் போதும். சண்டைக் கடினத்தை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கலாம், நடுவிலேயே மாற்ற முடியும். வெலன் வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் கேள்விக்குறிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்க்கப் போகாதீர்கள். நிறையப் பேர் அங்கேதான் களைத்துப் போகிறார்கள். அப்புறம், ஒவ்வொரு இரவும் அணைப்பதற்கு முன் "யாரைத் தேடிப் போகிறேன், ஏன்" என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வையுங்கள். நான் பால் பில்லின் பின்பக்கத்தில்கூட எழுதியிருக்கிறேன்.

ஆனால் முடிப்பது என்றால் என்ன என்று நீங்கள் யோசிக்க வேண்டும். 1980களின் கடைசியில், தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டில், அண்ணனும் நானும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆடுவோம். அதில் சேவ் செய்ய வழியே கிடையாது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து தமிழ்ச் செய்திக்கு டிவியைத் திருப்பினால் அன்றைய ஆட்டம் போச்சு. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், ஆக 32. ஒருநாள் அண்ணன், 1-2இல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கூரை மேல் ஓடி, நான்காவது உலகத்துக்குப் போகும் குழாயைக் கண்டுபிடித்தான். 4-2இல் ஒளிந்திருக்கும் கொடியில் ஏறினால் எட்டாவது உலகத்துக்கே போகலாம். அப்படி 32இல் 8 கட்டம் மட்டும் ஆடி இளவரசியை மீட்டோம். புளோக் முழுக்க "முடிச்சாச்சு" என்று சொல்லித் திரிந்தோம். ஐந்து, ஆறு, ஏழாம் உலகங்கள் எப்படி இருக்கும் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பாதியில் விட்டவர்கள் என்று எங்களை யாரும் சொல்லவில்லை.

2017இல் வந்த செல்டா கேமில் கொரோக் என்ற குட்டி வன உயிர்கள் 900 ஒளிந்திருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் சில கண்ணில் படட்டும் என்பதற்காகத்தான் அத்தனை. எல்லாவற்றையும் பிடித்தால்தான் ஆடியதாகும் என்று யாரும் நினைக்கவில்லை. நீங்கள் பிளேஸ்டேஷனில் ஆடுபவர் என்றால் கேமில் ஒவ்வொரு சாதனைக்கும் கிடைக்கும் கோப்பைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் அத்தியாயத்தின் கோப்பையை எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள், கடைசிக் கோப்பையை எத்தனை சதவீதம் என்று அதிலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் தெரிந்தே முடிக்காத கேம் ஒன்று உண்டு. 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. ஆறாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன். அதன் நாயகன் நோயில் விழுந்து இருமுகிறான். எங்கள் அப்பாவின் கடைசி மாதங்களில் இரவெல்லாம் அடுத்த அறையில் கேட்ட இருமல் அது. குதிரையை ஓர் ஆற்றோரம் நிறுத்திவிட்டு கேமை அணைத்தேன். வட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அந்த கேமை நான் பாதியில் விட்டதாகவே நினைப்பதில்லை. அது எனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டது.

வெலனில் உங்களுக்கு உண்மையிலேயே சலித்திருந்தால் விட்டுவிடுங்கள். சலிக்கவில்லை, விட்ட இடம்தான் மறந்துபோகிறது என்றால் அந்தத் தாள் உதவும். மனைவியிடமும் ஒருமுறை கேளுங்கள். வீட்டில் வேறு ஏதாவது பாதியில் நிற்பதை மனதில் வைத்து அவர் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் அதை முதலில் முடியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஆட புது கேம் வாங்கிய ஒரே வாரத்தில் அடுத்தது கேட்கிறான். "இதை முடித்தால்தான் அடுத்தது" என்று சொல்லலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. அப்படிச் சொன்னால் கேமும் டியூஷன் ஒர்க்ஷீட் மாதிரி ஆகிவிடும். பெட்டியில் அட்டையாக வரும் கேமையே வாங்குங்கள். பிடிக்காததை, பழைய பொருள்களை விற்கும் கரோசல் செயலியில் விற்று, அந்தப் பணத்தோடு அவனுடைய சேமிப்பையும் சேர்த்து அடுத்ததை வாங்கச் சொல்லுங்கள். டவுன்லோடு செய்ததை அப்படி விற்க முடியாது. கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே நின்றது என்று காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் பல நேரம் சலிப்பால் கேமை விடுவதில்லை. 'பாஸ்' எனப்படும் ஒரே பெரிய எதிரியிடம் பத்து முறை தோற்று, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அப்படித்தான் என்றால் கண்ட்ரோலரை வாங்கி, அதே பாஸிடம் நீங்களும் நான்கைந்து முறை தோற்றுக் காட்டுங்கள்.