கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபிரிட்ஜைத் தவறாமல் துடைக்கிறேன். ஆனாலும் கதவு ரப்பரின் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் பத்தே நாளில் திரும்ப வந்துவிடுகின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: துடைப்பதில் தப்பு இல்லை. அந்த இடத்தில் ஈரம் நிற்கிறது, அதுதான் விஷயம். ரப்பரை விரலால் விரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு மூன்று மடிப்புகள் இருக்கும். பால் சிந்திய துளி, ரொட்டித் தூள், காய்கறித் தோல் எல்லாம் அதில்தான் போய் ஒட்டும். வெளிக்காற்றின் ஈரமும் அங்கேயே நீராகப் படிகிறது. ஈரமும் உணவும் ஒரே இடத்தில் கிடைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? மேலோட்டமாகத் துடைக்கும்போது மடிப்பின் அடி அப்படியே இருக்கிறது, அங்கிருந்து மறுபடி முளைக்கிறது.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு, மென்மையான பழைய டூத் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்க்க வேண்டும். காய்ந்த பிரஷால் சுரண்டாதீர்கள். பூஞ்சையின் வித்துகள் தூசிபோலப் பறந்து உள்ளெல்லாம் படியும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது. மற்றவர்களும் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அழுக்கு போனபிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து மடிப்புக்குள் அழுத்தி, பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கடைசியில் காதுகுடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை மடிப்பின் அடியில் ஓட்டிப் பாருங்கள். பஞ்சு வெள்ளையாக, ஈரமில்லாமல் வந்தால் வேலை முடிந்தது. பஞ்சில் எதுவும் ஒட்டாமல் ரப்பரில் மட்டும் கறுப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் உள்ளே ஊறிய கறை. அதைப் போக்க ப்ளீச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்ற வேண்டாம். ரப்பர் இறுகி வெடிக்கும்.

இவ்வளவு செய்தும் திரும்ப வந்தால் கதவு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இழுக்கும்போது பிடிப்பு தெரிய வேண்டும். ஒரு சாண் இடைவெளியில் கதவைச் சுற்றி இப்படிச் சோதித்துவிடுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் வெளிக்காற்று நுழைகிறது; கீல் பக்கத்து கீழ்மூலையை விட்டுவிடாதீர்கள். ரப்பர் வளைந்திருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ரப்பர் இளகியதும் கையால் நேராக்கி, கதவைச் சில மணி நேரம் மூடி வையுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், அளவு பொருந்தாத ரப்பர் பழையதைவிட மோசம்.

கேள்வி: காய்கறி டிராயருக்கு அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. டிராயரை எடுத்தால் மண்வாடை அடிக்கிறது. எங்கிருந்து வருகிறது இது?

பதில்: ஃபிரிட்ஜின் உள்பக்கப் பின்சுவரில், டிராயருக்குச் சற்று மேலே ஒரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் பின்சுவரில் உறையும் பனி கரைந்து அந்தத் துளை வழியாக, பின்னால் கம்ப்ரசர் பக்கம் உள்ள தட்டில் போய் விழும். கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிவிடும். இலைத் துணுக்கோ பிளாஸ்டிக் உறைத் துண்டோ துளையை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே வழிந்து டிராயருக்கு அடியில் தேங்கும். சில ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்களில் இந்தத் துளை ஃப்ரீசரின் பின்பலகைக்குள் இருக்கும். அதை நீங்களே கழற்ற வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள்.

துளை கண்ணுக்குத் தெரிந்தால் வேலை எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் நீருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போதும், நன்றாகக் கரைந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 50 மில்லி வீதம், மெதுவாக உள்ளே செலுத்துங்கள். பின்பக்கத் தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வழி திறந்துவிட்டது. கேட்காவிட்டால் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்துத் தள்ளுங்கள். கூரான கம்பி வேண்டாம், குழாய் ஓட்டையாகிவிடும். மொத்தமாக இரண்டு டம்ளருக்கு மேல் ஊற்றாதீர்கள், தட்டு நிரம்பித் தரையில் வழியும்.

அந்தத் தட்டையும் பார்த்துவிடுங்கள். பலர் வாங்கிய நாளிலிருந்து அதைக் கண்டதே இல்லை. உள்ளே எல்லாவற்றையும் கழுவியும் நாற்றம் போகவில்லை என்றால் வழவழவென்று படிந்த அந்தத் தட்டு காரணமாக இருக்கலாம். கழற்ற வந்தால் சோப்பு நீரில் கழுவுங்கள். திருகு போட்டு இறுக்கியிருந்தால் இழுக்காமல், இருக்கிற இடத்திலேயே துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் வீட்டில் இல்லை. ஃபிரிட்ஜை அணைத்து மூடிவிட்டுப் போனோம். வந்து பார்த்தால் உள்ளே முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே உள்ள உணவை மூடியைத் திறக்காமல் அப்படியே பையில் கட்டி வெளியேற்றுங்கள். டிராயர், தட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள்.   கண்ணாடித் தட்டின் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் பட்டை கழலுமானால் கழற்றுங்கள், அதற்குள் வழிந்த பால் கறுப்புக் கோடாக உறைந்திருக்கும்.

சோப்பு நீரால் முழுக்கத் துடைத்தபிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் பூசினால் அது வேலை செய்யாது. நாலு லிட்டர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத வீட்டு உபயோக ப்ளீச் ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி. பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும், பிறகு நல்ல நீரால் துடையுங்கள். காற்று வரும் துவாரங்களில் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். பிழிந்த துணி போதும். பிளக் போடாமல் ஒரு நாள் முழுக்கக் கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கதவைத் திறந்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது.

ஒரு வாரம் ஓட்டியபிறகும் துவாரம் வழியே நாற்றம் வந்தால் பூஞ்சை உள்பலகைக்குப் பின்னால் போயிருக்கிறது. அப்போது மெக்கானிக் பலகையைக் கழற்றியாக வேண்டும். சுவருக்குள் உள்ள ஃபோமே ஊறியிருந்தால் மட்டும்தான் கைவிட வேண்டிவரும்.

அடுத்த முறை கிளம்பும்போது காலி செய்து, துடைத்து, கதவு தானாக மூடாதபடி துணிச்சுருள் ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: வினிகரையும் ப்ளீச்சையும் சேர்த்துக் கலந்தால் வீரியம் கூடுமா?

பதில்: கலக்கவே கூடாது! குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைத் தாக்கும். அமோனியா உள்ள கிளீனரோடும் ப்ளீச் சேரக் கூடாது. ஒன்றைப் பயன்படுத்தினால் அன்றைக்கு அது மட்டும்தான்.

கேள்வி: குளிரைக் கூட்டி வைத்தால் பூஞ்சை வராதல்லவா?

பதில்: மெதுவாக வளரும், நிற்காது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். டயலில் உள்ள எண் டிகிரி அல்ல. ஆவி பறக்கும் பாத்திரத்தை மூடாமல் வைப்பது, கழுவிய காய்கறியை ஈரத்தோடு பையில் அடைப்பது, காற்றுத் துவாரத்தை மறைத்துப் பொருளைத் திணிப்பது, இந்த மூன்றும் குளிர் எவ்வளவு இருந்தாலும் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

பதில்: கேரட், முட்டைக்கோஸ், கெட்டியான சீஸ் என்றால் பூஞ்சையைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் ஆழம் வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம். கத்தி பூஞ்சையின் மேல் படக் கூடாது. ரொட்டி, தயிர், ஜாம், மெத்தென்ற பழம், சமைத்த உணவு எதுவானாலும் முழுதாகக் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே வெகுதூரம் ஓடியிருக்கும். கொதிக்கவைத்தாலும் சில பூஞ்சை நஞ்சுகள் அழிவதில்லை. முகர்ந்து பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம், வித்துகள் மூக்கில் ஏறும்.