‘பக்’ என்று சொல்லிப் பூச்சி காட்டுகிறாரா டீலர்?

கேள்வி: பினாங்கு லெபோ பாசாரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குக் கம்ப்யூட்டர் பில்லிங் வாங்கியதிலிருந்து, இரவு கடை அடைக்கும்போது ரொக்கமும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. சில நாள் மூன்று நான்கு ரிங்கிட், சில நாள் முப்பது நாற்பது. விற்ற டீலரைக் கேட்டால், “சிஸ்டத்துல பக் இருக்கு, புது வெர்ஷன் போட்டா சரியாயிடும், 3,800 ரிங்கிட்” என்கிறார். என் மனைவிக்கோ கல்லாவில் இருக்கும் பிள்ளை மேல் சந்தேகம். இந்த பக் என்பது என்ன? நான் பணம் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. அந்தப் பிள்ளையையும் இப்போதைக்கு ஒன்றும் கேட்காதீர்கள்.

பக் என்றால் ஆங்கிலத்தில் பூச்சி. கம்ப்யூட்டர்காரர்கள் பேச்சில், புரோகிராமை எழுதியவர் செய்த தப்பு. டீலர் வாயில் வந்தது இந்த இரண்டாவது பொருள்தான். ஆனால் அவர் சொன்ன தோரணை முதல் பொருளில் இருக்கிறது, ஏதோ பூச்சி வெளியிலிருந்து பறந்துவந்து உங்கள் மெஷினுக்குள் புகுந்துகொண்ட மாதிரி.

இதற்கு ஒரு பிரபலமான கதையும் உண்டு. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 என்ற ராட்சதக் கம்ப்யூட்டரின் ரிலேயில், அதாவது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சில், ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, பூச்சி நிஜமாகவே அகப்பட்ட முதல் சம்பவம் இதுதான் என்று பக்கத்தில் எழுதிவைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லப்போய், சொல்லே அன்றுதான் பிறந்தது என்று பலர் நம்பிவிட்டார்கள். தப்பு. சொல் முன்பே இருந்ததால்தான் அது வேடிக்கை. 1878-லேயே எடிசன் தம் கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதற்கும் வெகுகாலம் முன்னே ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பேய், பூச்சாண்டி என்றொரு பொருள் இருந்தது. நம் ஊரில் குழந்தைக்குப் பூச்சி காட்டுவது போலத்தான். உங்கள் டீலர் காட்டுவதும் அந்தப் பூச்சிதான்.

நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1988-லேயே இதைக் கண்டித்தார். பக் என்று சொல்லாதீர்கள், பிழை என்றே சொல்லுங்கள், எழுதியவன் அசந்த நேரத்தில் அது தானாக உள்ளே வந்துவிடவில்லை என்பது அவர் வாதம். கேட்டவர்கள் குறைவு. தையல்காரர் சட்டைக் கையைக் குட்டையாக வெட்டிவிட்டு, “சட்டையில் பக் இருக்கிறது, புதுத் துணிக்குக் காசு கொடுங்கள்” என்றால் கொடுப்போமா?

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் தபால் நிலையங்களுக்கு ‘ஹொரைசன்’ என்ற கணக்கு முறையைக் கொடுத்தார்கள். இருப்பில் பணம் குறைவதாக அது காட்ட, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற சிறுகடைக்காரர்கள், நம் இந்திய வம்சாவளியினர் பலர். கர்ப்பிணி ஒருவர்கூடச் சிறைக்குப் போனார். தப்பு புரோகிராமில் இருந்தது. 2013-ல் அந்தத் தபால் நிலைய நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, பக் என்பதற்குப் பதிலாக மனதை உறுத்தாத சொல் என்ன என்று கணவரிடம் கேட்க, அவர் ‘எக்செப்ஷன்’ (விதிவிலக்கு), ‘அனாமலி’ (முரண்பாடு) என்று எடுத்துக்கொடுத்ததும் 2024 விசாரணையில் வெளிவந்தது. பெரிய இடமென்றால் சொல்லை மறைப்பார்கள். நம் ஊர் டீலர் அதே சொல்லைக் காட்டிக் காசு கேட்கிறார்.

ஆனால் ஒன்று. உங்கள் மூன்று நான்கு ரிங்கிட் வித்தியாசம் யாருடைய தப்பாகவும் இல்லாமல் இருக்கலாம். 2008 ஏப்ரல் 1 முதல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு சென் நாணயத்தை வழக்கத்திலிருந்து எடுத்து, ரொக்க பில்லின் மொத்தத்தை ஐந்து சென்னுக்குச் சரிசெய்யச் சொன்னது. 23.42 வந்தால் 23.40 வாங்குகிறீர்கள். 23.43 வந்தால் 23.45. 23.47 என்றால் 23.45, 23.48 என்றால் 23.50. பருப்பும் மிளகாயும் எடைபோட்டு விற்கும் கடையில் இப்படிச் சில்லறை விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பில்லுக்கு அதிகபட்சம் இரண்டு சென், கூடவோ குறையவோ. 300 பில் போட்டால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் ஆறு ரிங்கிட்டைத் தாண்டாது. கார்டிலும் கியூஆரிலும் கட்டினால் 23.42 அப்படியே வரும், அதைச் சரிசெய்யத் தேவையில்லை. நாள் முடிவில் எடுக்கும் இசட் ரிப்போர்ட்டில் ‘ரவுண்டிங்’ என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். வித்தியாசம் அந்த வரியோடு ஒத்துப்போனால் கவலையை விடுங்கள். அந்த வரியே இல்லையென்றாலோ, மொத்தத்துக்குப் பதில் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகச் சரிசெய்தாலோ, அது புரோகிராமின் தப்பு.

முப்பது நாற்பது ரிங்கிட் இதில் அடங்காது. அப்படி வந்த நாளின் பில்களில் ரத்து செய்தவை, தள்ளுபடி போட்டவை, பாதி ரொக்கம் பாதி கார்டு வாங்கியவை, இவற்றை அதே வரிசையில் மறுபடி அடித்துப் பாருங்கள். அதே தப்பு திரும்ப வந்தால் மெஷின். வராவிட்டால் மனிதக் கையாக இருக்கலாம். கை என்றால் திருட்டு என்றும் அர்த்தமில்லை. அவசரத்தில் கார்டுக்குப் பதில் ரொக்கம் என்று தட்டினாலே நாற்பது ரிங்கிட் காணாமல் போகும்.

டீலர்களிடம் எனக்குப் பொறுமை போய் வெகுநாளாகிறது. அவர்களில் பலர் புரோகிராம் எழுதுகிறவர்கள் இல்லை, வாங்கி விற்கிற இடைத்தரகர்கள். தப்பு எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. புது வெர்ஷன் விற்றால் கமிஷன் வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பக் மிரட்டல் எடுபடாவிட்டால் அடுத்தது, “இ-இன்வாய்ஸ் வருது, இது இல்லாட்டி வருமான வரிக்காரன் பிடிப்பான்.” பில்லை மின்னணு வடிவில் வரி வாரியத்துக்கு அனுப்பும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்த முறைக்கு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசமாகவே இருக்கிறது. அதைவிட மோசம், உங்கள் பில்லிங் கணக்கின் பாஸ்வேர்டை டீலரே வைத்துக்கொள்வது. சண்டை வந்தால் உங்கள் கணக்கே உங்களுக்குக் கிடைக்காது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்றால், வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்தான் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பயனீட்டாளர். டிவி கெட்டுப்போனால் 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம். கடைக் கல்லா கெட்டுப்போனால் கேட்க முடியாது. சிறுகடைக்காரன் பெரிய கம்பெனிக்குச் சமமானவன் என்று சட்டம் எழுதியவர்கள் எந்தக் கடையில் சாமான் வாங்கினார்களோ!

ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். எந்த பில் எண்ணில், எந்தத் தேதியில், எவ்வளவு தப்பு என்று படத்தோடு அனுப்பி மூன்று கேள்வி: தப்பு எது, எந்த வெர்ஷனில் வந்தது, அதைத் திருத்துவதற்கும் புதிதாக விற்பதற்கும் தனித்தனி விலை என்ன. வாங்கியபோது பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால் அதையும் தேடி எடுத்துவையுங்கள். ஆனால் அந்தச் செய்தியை அனுப்புவதற்கு முன், இன்று இரவே பாஸ்வேர்டை வாங்கி மாற்றிவிட்டு, முழுக் கணக்கையும் ஒரு பென்டிரைவில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.