சுபாரு லெகஸி ஜிடி-பி எஸ்டேட்: செலவு எவ்வளவு, எதை நம்பலாம்? – கேள்வி பதில்

பேசப்போவது 1998 முதல் 2003 வரை ஜப்பானில் விற்ற பிஎச்5 தலைமுறை லெகஸி டூரிங் வேகன் ஜிடி-பி பற்றி. 1994 சிசி பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் வகை), இரண்டு டர்போ, நான்கு சக்கர இயக்கம். 'பி' என்பது பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பரைக் குறிக்கும். மேனுவல் 280 பிஎஸ், ஆட்டோமேட்டிக் 260 பிஎஸ். பிரிட்டனில் கம்பெனி இந்த இரட்டை டர்போ வண்டியை விற்றதில்லை. இங்கே ஓடுபவை எல்லாம் ஜப்பானிலிருந்து தனியாக வந்தவை. கேட்டவர்களும் பிரிட்டனில் இருப்பவர்கள்தான்.

ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டுவேன். மொத்தம் என்ன செலவாகும்?

பெரிய செலவு பெட்ரோல்தான். ஊருக்குள் கேலனுக்கு 18 மைல் கிடைக்கும், மோட்டார்வேயில் 70 வேகத்தில் நிதானமாகப் போனால் 26, 27. இரண்டும் கலந்து 22 என்று வைத்தால் 8,000 மைலுக்கு ஏறத்தாழ 1,650 லிட்டர். லிட்டர் ஒன்றரை பவுண்டு என்று போட்டாலும் 2,475 பவுண்டு. சாலை வரி இன்ஜின் அளவுப்படி வரும், ஏனென்றால் இந்த இறக்குமதி வண்டிக்கு இங்கே பதிவான கார்பன் அளவு கிடையாது. 1,549 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2024–25இல் அது 345 பவுண்டாக இருந்தது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய எம்ஓடி தகுதிச் சோதனைக்கு அதிகபட்சம் 54.85 பவுண்டு.

இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். கையைக் கடிப்பது வேறு: முந்தைய உரிமையாளர் செய்யாமல் விட்ட வேலைகள். அதனால் வாங்கும் விலைக்கு மேல் 1,500 பவுண்டாவது தனியாக எடுத்து வையுங்கள். டைமிங் பெல்ட், எல்லா ஆயில்கள், வேக்கம் ஹோஸ்கள் (டர்போவை இயக்கும் சின்ன ரப்பர் குழாய்கள்), பிளக்குகள், தேவைப்பட்டால் டயர் என்று முதல் மாதத்திலேயே அதைச் செலவழித்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் வண்டியின் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் என்ன ஆகும்?

போடவே கூடாது. இந்த இன்ஜினை ஜப்பானின் 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக டியூன் செய்திருக்கிறார்கள். 95 போட்டு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றினால் கலவை தானாகவே முன்கூட்டி வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரப்பு உடையும். அதன்பின் இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஷெல் வி-பவர், டெஸ்கோ மொமென்டம், எஸ்ஸோ சுப்ரீம் பிளஸ் மூன்றும் 99. இவற்றையே தேடிப் போடுங்கள். வழியில் 97 மட்டும்தான் கிடைத்தது என்றால் பாதி டாங்க் போட்டுக்கொண்டு, தீரும்வரை ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் ஓட்டலாம்.

4,000 முதல் 4,500 ஆர்பிஎம்முக்குள் வண்டி ஒரு நொடி தளர்ந்துவிட்டு மறுபடி பாய்கிறது. கோளாறா?

அளவு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இரண்டு டர்போவும் ஒன்றாக வேலை செய்வதில்லை. கீழ் ஆர்பிஎம்மில் முதல் டர்போ மட்டும் சுழலும். நாலாயிரத்தைத் தாண்டும்போது வால்வுகள் திறந்து இரண்டாவதும் சேரும். அந்தக் கைமாற்றத்தில் பூஸ்ட் கொஞ்சம் விழுந்து எழும். இது எல்லா லெகஸி இரட்டை டர்போவிலும் உண்டு. பூஸ்ட் மீட்டர் போட்டுப் பாருங்கள். முள் சற்று இறங்கி உடனே ஏறினால் வண்டி நலம். இறங்கியது இறங்கியபடியே கிடந்தால், அல்லது 4,500க்கு மேல் மூச்சே இல்லையென்றால், இரண்டாவது டர்போ வேலைக்கு வரவில்லை.

உடனே டர்போவை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். கைமாற்றத்தை நடத்துவது வேக்கமும் சொலினாய்டுகளும்தான் (மின்சாரத்தில் திறந்து மூடும் சின்ன வால்வுகள்). சொலினாய்டுகளைக் கொத்தாக ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து குழாய்கள் நூல் கண்டு போலப் பின்னிக் கிடக்கும். இருபது வருட இன்ஜின் சூட்டில் ரப்பர் கல்லாகி, முனையில் மயிரிழை போல வெடித்திருக்கும். விரலால் வளைத்தால்தான் வெடிப்பு தெரியும்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் கழற்றி, அதே நீளத்தில் சிலிகான் ஹோஸ் வெட்டிப் போட்டு, பிறகு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் எது எங்கே போகும் என்று தெரியாமல் வார இறுதி போய்விடும். இன்னொன்று மிக முக்கியம்: சில ஹோஸ்களுக்குள் ஊசித்துளை உள்ள சின்ன அடைப்பான் இருக்கும். பழைய ஹோஸைக் குப்பையில் போடும் முன் விரலால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே கடினமாகத் தட்டுப்பட்டால் அதை எடுத்துப் புதிய ஹோஸுக்குள் அதே இடத்தில் தள்ள வேண்டும். அது விடுபட்டால் பூஸ்ட் கட்டுப்பாடு குழம்பும். காற்று ஒரு திசையில் மட்டும் போகவிடும் ஒருவழி வால்வுகளையும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்.

ஹோஸ்களும் சொலினாய்டும் சரி, ஆனாலும் கைமாற்றத்துக்குப் பின் நீலப் புகை வருகிறது என்றால் இரண்டாவது டர்போவின் சீல் அல்லது பேரிங் போயிருக்கலாம். அது நெருக்கடியான இடத்தில் இருக்கிறது. இன்ஜினை இறக்கியே செய்ய வேண்டும் என்று பல மெக்கானிக்குகள் சொல்வதில் நியாயம் உண்டு.

டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லை. ஆனால் கவரில் ஜப்பானிய ஸ்டிக்கர் இருக்கிறது.

ஸ்டிக்கரில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். ஆண்டு ஜப்பானியக் கணக்கில் இருந்தால் ஹெய்செய் எண்ணோடு 1988ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 24 என்றால் 2012. ரெய்வா என்றால் 2018ஐக் கூட்டுங்கள். தூரம் கிலோமீட்டரில் என்பதை மறக்காதீர்கள், மைல் என்று படித்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஜப்பானில் 1,00,000 கிலோமீட்டர் என்பது கணக்கு. இவ்வளவு வயதான வண்டிக்கு 60,000 மைல் அல்லது ஐந்து வருடம், எது முந்துகிறதோ அது என்று வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பெல்ட்டைவிட முதலில் போவது ஐட்லர் (பெல்ட் சுற்றி ஓடும் உருளை) பேரிங், குறிப்பாகப் பல் வைத்த ஐட்லர். வெறும் பெல்ட்டை மட்டும் மாற்றுவது அரைவேலை. ஐட்லர்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். பழைய டென்ஷனரையே திரும்பப் போடும் நிலை வந்தால், வைஸில் நிமிர்த்தி வைத்து மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக அமுக்கி, பூட்டும் ஊசியைச் செருக வேண்டும். வேகமாக அமுக்கினால் உள்ளே சீல் கெடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம். இன்ஜின் போய்விட்டதா?

சத்தம் எப்போது நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். குளிரில் லேசாகத் தட்டி, இன்ஜின் சூடானதும் மறைந்தால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. பாக்ஸர் இன்ஜினில் சகஜம், அதோடு பல்லாண்டு ஓடும். சூடான பிறகும் இருந்து, 2,500–3,000 ஆர்பிஎம்மில் ஏற்றிக் காலை எடுக்கும்போது அடியிலிருந்து கனமாகக் குத்தினால், அது பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடம்). அப்போது ஒரு மைல்கூட ஓட்டாமல் டிரக்கில் ஏற்றுங்கள். கிராங்க் ஷாஃப்டையாவது காப்பாற்றலாம்.

ஆயில் எது, எத்தனை மைலுக்கு ஒருமுறை?

முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40, ஃபில்டரோடு சுமார் நாலரை லிட்டர், 4,000 மைலுக்கு ஒருமுறை. பேரிங் போவது பெரும்பாலும் ஆயில் குறைந்ததால்தான், ஆகவே வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். நிறுத்தியவுடன் இழுத்தால் பொய் சொல்லும். சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டினால் தாழ்ந்ததே கணக்கு. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர். வேகமாக ஓட்டிவிட்டு வந்தால் கடைசி சில நிமிடம் மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி. கியர் ஆயிலை நானே மாற்றலாமா?

மாற்றலாம், போல்ட்டைச் சரியாக அடையாளம் கண்டால். அடியில் மூன்று டிரெயின் பிளக்குகள்: இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன் டிஃபரன்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி). இங்கேதான் அவசர சர்வீஸ் கடைகளும் வழுக்குகின்றன. இன்ஜின் ஆயில் என்று நினைத்து கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, இன்ஜினில் இன்னும் நாலு லிட்டர் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். வடிவது சிவப்பாக இருந்தால் அது கியர்பாக்ஸ். சல்ஃபர் நாற்றத்தோடு கெட்டியாக வந்தால் டிஃபரன்ஷியல், அதற்கு 75டபிள்யூ-90, ஒன்றேகால் லிட்டருக்குள். வடிந்ததை அளந்துவிட்டு அதே அளவு ஊற்றுங்கள்.

ஒரு டயர் மட்டும் பஞ்சர். ஒன்றை மட்டும் மாற்றலாமா?

மற்ற மூன்றும் ஏறக்குறையப் புதிதாக இருந்தால் மட்டும், அதே கம்பெனி, அதே மாடல், 215/45 ஆர்17. சுற்றளவு வேறுபட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடேறும். மேனுவலில் அதோடு இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவம் நிரம்பிய இணைப்பு) அதனால் இறுகிவிடும். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல ஓட்டிப் பாருங்கள். யாரோ பிரேக் பிடிப்பது போல வண்டி தடுக்கித் துள்ளினால் கப்ளிங் போய்விட்டது.

வாங்கப் போகும் வண்டியில் துரு எங்கே பார்க்க வேண்டும்?

பின் சக்கர வளைவுகள், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்), பெட்ரோல் டாங்குக்கு மேல் ஓடும் பிரேக் பைப்புகள். ஜப்பானில் பனிக்காக உப்புத் தூவிய சாலையைப் பார்க்காத வண்டி பளிச்சென்று வந்து இறங்கும், அடியில் பூச்சு இருக்காது, இங்கே இரண்டு குளிர்காலத்தில் அரித்துவிடும். வந்த வாரமே அடிப்பூச்சு செய்யுங்கள். இன்னோர் இடம் பலர் பார்ப்பதில்லை: வலப்பின் சக்கரத்தின் உள்மறைப்புக்குப் பின்னே உள்ள பெட்ரோல் ஊற்றும் குழாய். சேறும் உப்பும் அங்கே அடைந்து துளை விழும். முழு டாங்க் போட்டதும் பெட்ரோல் வாசம் வந்தால் அங்கேதான் பாருங்கள்.

லண்டனில் ஹாரோவில் இருக்கிறேன். புகைத் தரம் குறைந்த வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் உண்டா?

2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நிர்வாகப் பகுதிகள்) அதற்குள் வந்துவிட்டன. பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் 275. கட்டத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: அந்தத் தரத்தில் நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.08 கிராம். உங்கள் வண்டி அதற்குள் இருப்பதாகத் தயாரிப்பாளரிடமிருந்து சான்று பெற முடிந்தால் லண்டன் போக்குவரத்து அமைப்புக்கு அனுப்பிப் பரிசீலிக்கக் கேளுங்கள். சான்று கிடைக்காவிட்டால் தினசரி ஓட்டத்துக்கு இந்த வண்டி உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றலாமா?

வேண்டாம். இரட்டை டர்போ அமைப்பு ஒன்றோடொன்று பின்னியது, ஓரிடத்தில் அழுத்தத்தை மாற்றினால் கைமாற்றம் கெடும். எரிபொருள் மேப்பை (எவ்வளவு பெட்ரோல் செலுத்துவது என்ற கணினி அட்டவணை) தொடாமல் பூஸ்ட்டை மட்டும் ஏற்றினால் கலவை மெலிந்து, முதலில் சொன்ன பிஸ்டன் வரப்பு உடையும். அந்தப் பணத்தில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை) செய்யுங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இப்போதிருக்கும் பூஸ்ட்டே அதிகம்.