ஓபிஜி படத்தில் ஸ்கேல் வைத்து அளந்த அந்த 14 மி.மீ.

உங்கள் அப்பாவின் ஓபிஜி படத்தில் (இரண்டு தாடையையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) கீழ்க்கடைவாய் எலும்பின் மேல் விளிம்பிலிருந்து, தாடைக்குள் நரம்பு ஓடும் நரம்புக்குழாய் வரை ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 14 மி.மீ. வருகிறது, டாக்டரோ 8 மி.மீ. நீள இம்ப்ளான்ட்தான் (எலும்பில் துளையிட்டுப் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) என்கிறார், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனும் கேட்கிறார், பணத்துக்காகவா என்று கேட்டிருந்தீர்கள். பல் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. டாக்டர் சொல்வது நியாயம்.

ஓபிஜியில் தாடை பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் பெரிதாக விழும். அதனால் பல் இல்லாத இடத்தில் 5 மி.மீ. எஃகு குண்டு ஒன்றை மெழுகில் பதித்து வைத்து எடுப்போம். படத்தில் குண்டு 6.25 மி.மீ. இருந்தால் அந்த இடம் 1.25 மடங்கு பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் உங்கள் 14 உண்மையில் 11.2தான். நரம்புக்கு மேலே 2 மி.மீ. விடுவது வழக்கம், மிச்சம் 9.2. அதற்குள் அடங்கத்தான் 8 மி.மீ. இம்ப்ளான்ட். பிரின்ட் சுருங்கியோ விரிந்தோ இருந்தால் இதுவும் மாறும். நரம்பில் பட்டுவிட்டால் கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும், சிலருக்கு அது சரியாவதே இல்லை.

அப்புறம், எலும்பின் அகலம் ஓபிஜியில் தெரியவே தெரியாது. கடைவாய்க்குக் கீழே, நாக்குப் பக்கம் தாடை உள்ளே குழிந்திருக்கும். துளை அங்கே வெளியே வந்துவிட்டால் நாக்கின் அடியில் ரத்தம் கட்டி மூச்சுக்கே ஆபத்தாகலாம். சிபிசிடியில்தான் அந்தக் குழிவு தெரியும்.

ஸ்கேன் எடுக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கதிர்வீச்சு குறையும், சில இடங்களில் கட்டணமும் குறையும்.